வாக்கியம் வாக்கியமாகத் திருப்பிச் சொல்லும் பிள்ளை: திருத்துவதா, விடுவதா, அதை வைத்தே வளர்ப்பதா?

மூன்று வயதுப் பிள்ளை. "தண்ணி" என்று தனியாகக் கேட்க வராது. ஆனால் "உனக்குத் தண்ணி வேணுமா கண்ணு?" என்று அம்மா கேட்கிற அதே ராகத்தில், கடைசி இழுப்பு வரை பிசகாமல் சொல்லும். சொன்னால் அதற்குத் தாகம் என்று அர்த்தம். கார்ட்டூனில் கேட்ட வசனத்தைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லும். கிரெஷ்ஷில் (குழந்தைகள் காப்பகத்தில்) கேட்ட பிரெஞ்சு வாக்கியத்தை ராத்திரி படுக்கையில் சொல்லும். வீட்டில் பாதிப் பேர் "எவ்வளவு ஞாபகசக்தி!" என்று மெச்சுவார்கள். மீதிப் பேர் "கிளிப்பிள்ளை மாதிரி இருக்கே" என்று கவலைப்படுவார்கள்.

பிரான்ஸைச் சேர்ந்த இந்த ரீயூனியன் தீவில் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து வந்து வீட்டில் இன்னும் தமிழ் பேசுகிற குடும்பங்களில் இந்தப் பேச்சு வந்தால் நாலு விதமான யோசனை கிளம்பும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்பது ஒன்று. திருப்பிச் சொல்வதை நிறுத்தி ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக்கொடு என்பது இன்னொன்று. அந்த வாக்கியங்களையே படிக்கட்டாக வைத்து ஏற்று என்று சொல்லும் புது முறை ஒன்று இருக்கிறது. பெற்றோரையே பழக்கி, வீட்டு விளையாட்டிலேயே பேச்சை வளர்ப்பது நாலாவது. இதோடு ஐந்தாவதாகத் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு மட்டும் பேசுங்கள் என்ற யோசனையும் வரும். அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.

நான் ஓர்த்தோஃபோனிஸ்ட், அதாவது பேச்சுப் பயிற்சியாளர், இல்லை. சேன்-தெனி நகரில் ஒரு மத்தெர்னெலில் (மழலையர் பள்ளியில்) உதவியாளர் வேலை. என் தம்பி மகனும் இந்த ரகம்தான். பள்ளியிலும் வீட்டிலும் பார்த்ததையும், அதற்காகத் தேடிப் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில், இப்படிப் பேசுவதே நோய் இல்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆன் பீட்டர்ஸ் 1977-ல் ஒரு சாதாரணப் பிள்ளையின் பேச்சை ஆராய்ந்து எழுதினார். சில சமயம் சொல் சொல்லாகப் பேசிய அந்தப் பிள்ளை, மற்ற சமயம் முழு வாக்கியத்தின் ராகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசியது. எல்லாப் பிள்ளைகளும் இரண்டையும் கொஞ்சம் கலந்துதான் செய்கின்றன. திருப்பிச் சொல்வது இரண்டரை, மூன்று வயதுக்குள் தானாகக் குறைந்துவிடும். குறையாமல் அதுவே முக்கியப் பேச்சாக நிற்கும்போதுதான் யோசிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம்.

அந்த வாக்கியங்களுக்கு அர்த்தம் உண்டா என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று போதும். ஆட்டிசத்தை 1943-ல் விவரித்த லியோ கேனர், 1946-ல் எழுதிய கட்டுரையில் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறார். "நாயை பால்கனியிலிருந்து வீசாதே" என்று சம்பந்தமே இல்லாத இடத்தில் சொல்வானாம். சில வருஷத்துக்கு முன் ஒரு ஹோட்டலில் பொம்மை நாயை அவன் கீழே எறிந்தபோது அம்மா சொன்ன வாக்கியம் அது. எதையாவது வீசத் தோன்றும்போதெல்லாம் தன்னைத் தானே அதட்டிக்கொள்ள அதை எடுத்திருக்கிறான். 1981-ல் பாரி ப்ரிசாண்டும் ஜூடித் டுக்கனும், உடனுக்குடன் திருப்பிச் சொல்வதைக் காணொளியில் பதிவுசெய்து பார்த்து, அதற்கு ஏழு விதமான பயன் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார்கள். பேச்சில் தன் முறையைப் பிடித்துக்கொள்வது, ஆமாம் என்று பதில் சொல்வது, கேட்பது, தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். அதற்கு முன் வரை இதை அர்த்தமில்லாத சத்தம் என்று அடக்கப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

இந்தத் தீவில் இருப்பவர்களுக்கு இது புரியாமல் போகாது. "பால் தமூல்" என்று இங்கே சொல்லும் தமிழ்க் கூத்தில் பாட்டுக்காரர்கள் ராத்திரி முழுக்கத் தமிழில் பாடுகிறார்கள். அதில் பலருக்குத் தமிழ் பேச வராது. சொல்லைப் பிரித்துப் பொருள் கேட்டால் முழிப்பார்கள். ஆனால் எந்த இடத்தில் எந்தப் பாட்டு, அது அழுகைக்கா சண்டைக்கா என்பதில் பிசகவே மாட்டார்கள். நம் பிள்ளை செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பொறுத்துப் பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வயதுப் பிள்ளை, கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறது, வேண்டியதை விரலால் காட்டுகிறது, வாரத்துக்கு வாரம் புதுசாக ஏதாவது சொல்கிறது என்றால் பொறுக்கலாம். விரல் நீட்டிக் காட்டுவதில்லை, பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்பு சொன்ன சொற்கள் காணாமல் போய்விட்டன என்றால் ஒரு வாரம்கூடப் பொறுக்க வேண்டாம். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று ஆயா சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். காது பரிசோதனைக்கு அது தடை இல்லையே. எந்த வழியில் போனாலும் முதல் வேலை காதுதான். ராகம் தெளிவாகவும் சொல் குழறலாகவும் வருகிற பிள்ளைக்குக் காதில் நீர் கோத்திருப்பதும் உண்டு.

அடுத்தது, நிறுத்திவிட்டுச் சொல் சொல்லாகக் கற்றுக்கொடுப்பது. நம் வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடப்பது இதுதான். விருந்தாளி வந்ததும் பிள்ளையை முன்னால் நிறுத்தி, "இது யாரு? மாமா சொல்லு" என்போம். பிள்ளை "மாமா சொல்லு" என்று பதில் சொல்லும். எல்லாரும் சிரிப்பார்கள். மறுபடி கொஞ்சம் சத்தமாக "மாமா சொல்லு." மறுபடி அதே பதில். பிள்ளை தப்பே செய்யவில்லை. கொடுத்ததை முழுசாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

இதையே முறையாகச் செய்யும் பயிற்சிகள் உண்டு. எண்பதுகளில் மக்மாரோவும் ஃபாக்ஸும் சோதித்த ஒன்றில், கேள்வி கேட்கும்போது கையை உயர்த்தி "பேசாதே" என்று சைகை காட்டி, கொஞ்சம் நிறுத்தி, பிறகு பதிலுக்கான பொருளைக் காட்டுவார்கள். திருப்பிச் சொல்வது குறைந்தது, சரியான பதில் கூடியது. சோதனையில் இருந்தவர்கள் மிகக் குறைவு, ஆனால் வேலை செய்தது உண்மை. பிரான்ஸின் சுகாதார உயர் ஆணையம் 2012-ல் பரிந்துரைத்த ஏபிஏ (நடத்தையைப் படிப்படியாகப் பழக்கும்) முறைக்குள்ளும் இந்த மாதிரிப் பயிற்சிகள் வரும். பேரென்ன, வீடு எங்கே, அப்பா போன் நம்பர் என்ன, எங்கே வலிக்கிறது போன்ற கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்க வேண்டிய இடத்துக்கு இது நல்லது. மார்க்கெட்டில் பிள்ளை தொலைந்தால் இதுதான் காப்பாற்றும். ஆனால் இதையே பேச்சு வளர்ப்பின் முழு வழியாக்கினால், பிள்ளை தானாக முயன்று பேசும் ஒரே வழியை நாம் மூடிவிடுகிறோம். கையைத் தூக்கி அடக்கப்பட்ட வாக்கியம் ஏதோ கேட்க வந்த வாக்கியமாக இருந்தால் என்ன செய்வது?

மூன்றாவதுதான் இப்போது எல்லார் போனிலும் ஓடுகிறது. ஜெஸ்தால்த் (துண்டாக்காத முழு வடிவம்) முறை என்று பெயர் சொல்லி வரும் சின்னச் சின்ன வீடியோக்களைப் பெற்றோர் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பீட்டர்ஸும் ப்ரிசாண்டும் சொன்னதை எடுத்து, அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர் மார்ஜ் பிளாங்க் 2012-ல் ஒரு முறையாக்கினார். அதன்படி பேச்சு ஆறு படிகளில் வளரும். முதலில் முழு வாக்கியம். பிறகு வாக்கியங்களை வெட்டி ஒட்டிக் கலப்பது. பிறகு தனிச் சொல் பிரிந்து வருவது. அதன்பின் சொந்தமாக வாக்கியம் கட்டுவது. இலக்கணம் கடைசிப் படிகளில். ஒவ்வொரு வாக்கியமும் எங்கிருந்து வந்தது என்று துப்பறிய வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. முதல் படியில் இருக்கும் பிள்ளைக்குத் தனிச் சொல் கற்றுக்கொடுக்கக் கூடாது. அதன் வாயிலிருந்து வரக்கூடிய வாக்கியங்களை நாமே பக்கத்தில் இருந்து சொல்லிக் காட்ட வேண்டும்.

இதில் பாதி எனக்கு மிகவும் பிடித்தது. துப்பறிவது உண்மையிலேயே வேலை செய்யும்.

என் தம்பி மகன் போன கிரெஷ்ஷில், சாயங்காலம் பொம்மைகளை எடுத்துவைக்கும் நேரத்தில் "ஓன் ரான்ழ்!" என்று பாடுவார்கள். எடுத்துவைக்கலாம் என்று அர்த்தம். அது முடிந்த கையோடு அம்மாக்கள் கதவில் வந்து நிற்பார்கள். ஒரு கல்யாண வீட்டில், மேளச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு "ஓன் ரான்ழ்! ஓன் ரான்ழ்!" என்று கத்தினான். யாரோ ஒரு பெரியம்மா பாவம், கீழே கிடந்த பொம்மைக் கார்களையெல்லாம் பொறுக்கி அவன் கையில் டப்பாவைக் கொடுத்தார். அவன் டப்பாவை எறிந்தான். எங்களுக்குப் புரிந்துவிட்டது. அவன் கேட்டது வீட்டுக்குப் போக. "வீட்டுக்குப் போகலாம்" என்று காதருகே சொல்லிக்கொண்டே வெளியே தூக்கிப்போனாள் அவன் அம்மா. கொஞ்ச காலம் இப்படி ஒவ்வொரு தடவையும் சொல்லிக் கொண்டுவந்த பிறகு, "ஓன் ரான்ழ் போகலாம்" என்று ஒன்று வந்தது. பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். பிளாங்க் சொல்லும் இரண்டாவது படி இதுதான் போல.

மீதிப் பாதியில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த முறைப்படி சிகிச்சை கொடுத்துப் பலனை அளந்த ஆய்வுகளைத் தேடி 2024-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, தேறும்படியான ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றது. ஆய்வு இல்லாததால் முறை பொய் என்று ஆகிவிடாது. ஆனால் "தனிச் சொல்லே கூடாது, கேள்வியே கூடாது" என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. பிள்ளை வாழைப்பழத்தைக் காட்டினால் "பழம்" என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்வது எனக்கு அபத்தமாகவே படுகிறது. படி எண்ணை வைத்து எடைபோடுவதிலும் சிக்கல் உண்டு. "இன்னும் ஒன்றாம் படியில்தான் இருக்கிறான்" என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில் பட அட்டையோ டேப்லெட்டில் தொட்டால் பேசும் செயலியோ கொடுத்துப் பார்த்திருக்கலாம். அப்படிக் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். 2006-ல் மில்லரும் உடனிருந்தவர்களும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, யாருக்கும் இருந்த பேச்சு குறையவில்லை. பலருக்குக் கூடியிருந்தது.

நாலாவது வழி, பெற்றோரைப் பழக்குவது. இதற்கு வீடியோவில் கவர்ச்சி கிடையாது. மெதுவாக நடக்கும். பிள்ளையைவிட நம்மைத்தான் அதிகம் திருத்தும். ஆனால் இங்கே சொன்ன நாலு வழிகளில், நிறையப் பிள்ளைகளோடு சோதித்த முடிவை நான் காட்ட முடிவது இதற்குத்தான். பிரிட்டனில் ஜொனாதன் கிரீனின் குழு 152 சின்னப் பிள்ளைகளோடு நடத்திய சோதனை 2010-ல் வெளியானது. அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு விளையாடுவதைப் படம் பிடித்து, பிறகு உட்கார்ந்து அவர்களுக்கே போட்டுக் காட்டுவார்கள். "இதோ, இங்கே அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் கவனிக்கவில்லை" என்கிற மாதிரி. அப்போது ஆட்டிசத்தின் அறிகுறிகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பெற்றோர்–பிள்ளை உறவாடலில்தான் தெரிந்தது. வருஷங்கள் கழித்து அதே பிள்ளைகளைப் பார்த்து 2016-ல் எழுதியபோது அறிகுறிகளிலும் வித்தியாசம் இருந்தது. எல்லாப் பெற்றோர் பயிற்சியும் இப்படித் தேறியது என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவின் ஹானென் மையம் தயாரித்த பயிற்சியை 2011-ல் 62 பிள்ளைகளோடு சோதித்தபோது, மொத்தமாகப் பார்த்தால் பலன் தெரியவில்லை.

இதைச் செய்ய ஆளுக்கு நேரம் வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போய், டிராஃபிக்கில் நின்று, இருட்டின பிறகு வீட்டுக்கு வருகிற குடும்பத்திடம் "தரையில் உட்கார்ந்து பிள்ளை பின்னால் போங்கள்" என்றால் கோபம்தான் வரும். குளிக்க வைக்கும் நேரம், செருப்பு மாட்டும் நேரம், சாதம் பிசையும் நேரம் போதும். எப்படியும் நடக்கிற வேலைதானே, அதில் வாயைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் ஆயிற்று.

அந்த வாய் எந்த மொழியில் என்பதுதான் இங்கே பெரிய சண்டை. வீட்டில் தமிழ், தெருவில் கிரெயோல், பள்ளியில் பிரெஞ்சு. "பிள்ளை குழம்புகிறது, பிரெஞ்சு மட்டும் பேசுங்கள்" என்று உறவினர் சொல்வார்கள், சில சமயம் படித்தவர்களும் சொல்வார்கள். மொன்றேயாலில் ஹாம்ப்ளியும் ஃபோம்போனும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மொழி கேட்டு வளர்ந்த ஆட்டிசப் பிள்ளைகளுக்கு ஒரு மொழிப் பிள்ளைகளைவிடக் கூடுதல் தாமதம் எதுவும் காணவில்லை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வாக்கியமாகப் பிடிக்கும் பிள்ளை, உணர்ச்சியோடு சொன்ன வாக்கியத்தைத்தான் பிடிக்கும். அம்மாவுக்குக் கோபமும் கொஞ்சலும் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியிலிருந்துதான் எடுக்கும். தயங்கித் தயங்கிப் பேசும் பிரெஞ்சில் ராகமே இருக்காது. பிள்ளை பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

இன்னொன்று, தமிழ் இந்தப் பிள்ளைகளுக்கு வசதியான மொழி. பிரெஞ்சில் நீ, நான் என்று ஆளைச் சொல்லாமல் வாக்கியம் நகராது. பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டால் நானும் நீயும் தலைகீழாகும். தமிழில் வேணும், வேண்டாம், போதும், பிடிக்கும், பசிக்குது, வலிக்குது, தெரியல, முடியல எல்லாம் யார் வாயில் வந்தாலும் சரியாகவே இருக்கும். ஆள் மாறினாலும் வால் மாறாது. பிள்ளை "தண்ணி வேணுமா?" என்று வந்தால், திருத்தவும் வேண்டாம், பாடம் எடுக்கவும் வேண்டாம். "தண்ணி வேணும்" என்று அதன் இடத்திலிருந்து சொல்லிவிட்டு டம்ளரை நீட்டுங்கள். மாறியது கடைசி ஒலி ஒன்றுதான். போகலாம், சாப்பிடலாம், குளிக்கலாம் என்ற "லாம்" வாக்கியங்களும் அப்படியே. "கடைக்குப் போகலாம், கடலுக்குப் போகலாம், ஆயா வீட்டுக்குப் போகலாம்" என்று முன்பகுதியை மாற்றி மாற்றிச் சொன்னால், எந்தத் துண்டு கழன்று வரும் என்று பிள்ளைக்குத் தானாகப் புரியத் தொடங்கும். "நீ சாப்ட்டியா, நீ தூங்குனியா" என்று அடுக்குவதைக் குறையுங்கள். கேள்வியே கேட்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். பதிலுக்கு நிஜமாகக் காத்திருக்க முடிந்தால் கேளுங்கள், மனதுக்குள் பத்து எண்ணும் அளவுக்காவது.

போன் வீடியோ பற்றி ஒரு வரி. அதிலிருந்தும் பிள்ளை வாக்கியம் எடுக்கும், அமெரிக்க ஆங்கிலத்தில்கூட எடுக்கும். ஆனால் வீடியோ பதில் சொல்லாது. எடுத்த வாக்கியத்துக்கு வீட்டில் யாராவது பதில் சொன்னால்தான் அது பேச்சாகும்.

என் முடிவைக் கேட்டால்: நாலாவதை அடித்தளமாக வைத்துக்கொள்வேன். மூன்றாவதிலிருந்து துப்பறியும் காதை மட்டும் எடுத்துக்கொள்வேன். படிக்கட்டையும் தடைகளையும் விட்டுவிடுவேன். இரண்டாவதிலிருந்து பேர், விலாசம், வலி ஆகிய பாதுகாப்பு விஷயங்களுக்கு மட்டும் பயிற்சி. பிள்ளைக்கு நாலு வயது தாண்டியும் வாக்கியம் எதுவும் உடையவில்லை, தேவையைத் தெரிவிக்க முடியாமல் தன்னை அடித்துக்கொள்கிறது என்றால் கணக்கு மாறும். அப்போது பட அட்டை, டேப்லெட் உடனே வேண்டும். ஏபிஏவோ, விளையாட்டோடு கற்றுக்கொடுக்கும் டென்வர் முறையோ தெரிந்த குழுவும் வேண்டும். அந்த நிலையில் வீட்டுப் பேச்சை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

இங்கே எங்கே போவது? குடும்ப டாக்டரிடமோ பெஎம்ஈ (தாய்-சேய் நல) நிலையத்திலோ தொடங்கலாம். பெஎம்ஈயில் செலவில்லை. உடல்நலக் கையேட்டில் 24-ஆம் மாதப் பரிசோதனைப் பக்கம் இருக்கிறதே, அது வெறும் எடை, உயரத்துக்கு மட்டுமில்லை. பேச்சைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளையைக் காம்ஸ்ப் என்ற சிறுபிள்ளை வளர்ச்சி மையத்துக்கு நீங்களே நேராகக் கூட்டிப்போகலாம். ஓர்த்தோஃபோனிஸ்டுக்கு டாக்டர் சீட்டு இருந்தால் செக்யூ (அரசு மருத்துவக் காப்பீடு) 60 சதவீதம் தரும், மீதியை முத்யுவெல் (கூடுதல் காப்பீடு) இருந்தால் அது பார்த்துக்கொள்ளும். உடல் அசைவுப் பயிற்சி தரும் சைக்கோமோத்ரிசியானும் தனியார் உளவியலாளரும் அப்படி இல்லை, கைக்காசு போகும். அதற்குத்தான் 2019 முதல் பெசெஓ என்ற ஒருங்கிணைப்புத் தளம் வந்திருக்கிறது. ஏழு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு, ஆட்டிசம் என்று உறுதியாகும் முன்பே, டாக்டர் அனுப்பினால் அந்தச் செலவை ஒரு வருஷத்துக்கு அதுவே ஏற்கும், தேவைப்பட்டால் நீட்டிக்கும். இதை எனக்குத் தெரிந்த பாதிக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை.

ஓர்த்தோஃபோனிஸ்டிடம் இடம் கிடைக்கக் காலதாமதம் ஆகும். ஒருவரிடம் பெயர் கொடுத்துவிட்டு உட்காராதீர்கள். நாலைந்து பேரிடம் கொடுங்கள். யாராவது வராமல் போன நேரத்துக்குக் கூப்பிட்டால் உடனே வருவோம் என்றும் சொல்லி வையுங்கள். காத்திருக்கும் நாளில் ஒரு நோட்டுப் போடுங்கள். பிள்ளை சொன்ன வாக்கியம், அது முதலில் எங்கே கேட்டது, இப்போது எந்த நேரத்தில் சொன்னது, நமக்கு என்ன புரிந்தது என்று நாலு பத்தி. தமிழ் வாக்கியங்களை ஒலியோடு போனில் பதிவு செய்து, பக்கத்தில் பிரெஞ்சில் அர்த்தம் எழுதுங்கள். தமிழ் தெரியாத ஓர்த்தோஃபோனிஸ்ட் பிள்ளையின் பிரெஞ்சை மட்டும் கேட்டால் பாதிப் பிள்ளையைத்தான் பார்ப்பார்.

முதல் சந்திப்பில் இரண்டு கேள்வி கேட்டால் போதும். பிள்ளை திருப்பிச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வீட்டில் நாங்கள் எந்த மொழியில் பேச வேண்டும்? முதல் கேள்விக்கு "என்ன சொல்ல வருகிறது என்று பார்ப்பேன்" என்கிற மாதிரி பதில் வந்தால், அவர் எந்த முறைக்காரராக இருந்தாலும் உட்காருங்கள். இரண்டாவதுக்கு "தமிழை விடுங்கள்" என்று பதில் வந்தால், பட்டியலில் இருக்கும் அடுத்த நம்பருக்குப் போன் போடுங்கள்.